பயன்பாடு குறைவு என்று ஆய்விதழ் சந்தாவை நிறுத்தலாமா? நூல்சேர்க்கைப் பொறுப்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

அடுக்குவரிசை:

வணக்கம். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் முதுநிலை நூலகராக இருக்கிறேன். இதுவரை பட்டியலாக்கப் பிரிவில் இருந்தேன். இப்போது நூல்சேர்க்கையும் ஆய்வுத் தொகுப்புகளும் என் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. வந்ததுமே சந்தா புதுப்பிக்கும் பருவம். நிதி கூடவில்லை, பதிப்பகங்கள் விலையைக் கூட்டியிருக்கிறார்கள். ஆய்விதழ்களும் தரவுத்தளங்களும் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடுகின்றன. புத்தகத்துக்கு மிஞ்சுவது சொற்பம்தான்.

நிர்வாகம் ஒரு வழி சொல்கிறது. சந்தாத் தொகையைப் பயன்பாட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஒரு பயன்பாட்டுக்கு ஆகும் செலவு எதற்கு அதிகமோ அதை நிறுத்துங்கள் என்கிறார்கள். வகுத்துப் பார்த்தேன். பட்டியலின் தலையில் வந்து நிற்பவை உயிரின வகைப்பாட்டியல், கல்வெட்டியல், கணித வரலாறு. ஒவ்வொன்றையும் நம்பி ஓரிருவர்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஓரிருவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இதில் நீங்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள்? கணக்கு தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு மட்டும் போதும் என்றும் தோன்றவில்லை.

சந்தாப்பிரிவு:

முடிவெடுப்பது இருக்கட்டும், முதலில் அந்த எண் சரியான எண்தானா என்று பாருங்கள்.

பதிப்பகங்கள் ஒரே பொது விதிப்படி பயன்பாட்டை எண்ணித் தரும் கவுண்ட்டர் அறிக்கையில் 'மொத்தக் கோரிக்கை' என்று ஓர் எண் இருக்கும், 'தனித்த கோரிக்கை' என்று ஓர் எண் இருக்கும். ஒருவர் கட்டுரையை முதலில் திரையில் திறக்கிறார், அப்புறம் அதையே பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்கிறார். மொத்தத்தில் இது இரண்டு, தனித்ததில் ஒன்று. சில பதிப்பகத் தளங்கள் கட்டுரை முழுவதையும் தாமாகவே திரையில் திறந்துவிடும். அங்கே மொத்த எண் வீங்கிப்போகும். 2019-ல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில்தான் தனித்த கோரிக்கையைச் சேர்த்தார்கள். இரண்டு பதிப்பகங்களை ஒப்பிடும்போது தனித்த எண்ணை வைத்தே வகுங்கள்.

அடுத்தது, பூஜ்யம் என்று வரும் இதழ்கள். அவற்றை ஒவ்வொன்றாக நீங்களே உட்கார்ந்து திறந்து பார்க்க வேண்டும். நூலகத் தேடுபக்கத்தில் இதழின் பெயரை அடியுங்கள். இணைப்பு வருகிறதா? வந்தால் எந்த ஆண்டிலிருந்து காட்டுகிறது? வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைந்தால் கட்டுரை திறக்கிறதா, பணம் கேட்கும் பக்கத்தில் போய் நிற்கிறதா? இதழ் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியிருக்கும், நம் இணைப்பு பழைய தளத்திலேயே கிடக்கும். எந்த இதழ் எந்த ஆண்டிலிருந்து கிடைக்கும் என்று பதிப்பகம் தரும் கேபார்ட் கோப்பில் தொடக்க ஆண்டு தவறாக இருந்தால் நம் தேடுபக்கமும் அதே தவறைத்தான் காட்டும். இணைப்பு அறுந்து கிடந்த இதழை 'யாரும் படிப்பதில்லை' என்று நிறுத்துவது பெரிய அநியாயம்.

'மறுக்கப்பட்ட அணுகல்' அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நாம் சந்தா கட்டாத எந்த இதழின் கதவை நம் ஆட்கள் எத்தனை முறை தட்டினார்கள் என்று அதில் தெரியும். நிறுத்துவதைப் பற்றியே பேசும் கூட்டத்தில், எதைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் ஆதாரம் அது ஒன்றுதான்.

நிதிக்கட்டு:

எண்ணைச் சரிபார்க்கச் சொல்வது சரி. ஆனால் சரிபார்த்த பிறகும் எண் குறைவாகவே இருந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நான் நிர்வாகத்தின் பக்கம் பேசுவதாக நினைக்க வேண்டாம். கொள்முதலில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

'ஒருநாள் யாருக்காவது தேவைப்படும்' என்ற நம்பிக்கையில் வாங்கி அடுக்கிய வரலாறு நம் துறைக்கு நிறைய உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு 1979-ல் வெளிவந்தது. அங்கே 1969-ல் வாங்கிய புத்தகங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் அடுத்த ஆறேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. நூலகத்தின் இரவலில் 80 சதவீதத்தை 20 சதவீத நூல்களே தாங்குகின்றன என்று ட்ரூஸ்வெல் என்ற ஆய்வாளர் 1969-லேயே எழுதினார். நம் இரவல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ இதே போக்குதான் தெரியும்.

இதன் சுமை யார் மேல் விழுகிறது? முதலாண்டு மாணவர்கள் மேல். பாடநூலின் ஒரே பிரதிக்காக அவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். அதே நேரம் அடுக்கு நிறைய யாரும் தொடாத நூல்கள் இருக்கும். பொதுப்பணத்தில் நடக்கும் நூலகம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஓரிருவர் படிக்கும் இதழில் அவர்கள் கேட்கும் கட்டுரையை இன்னொரு நூலகத்திலிருந்து இரவலாக வரவழைத்துத் தரலாமே. ஆண்டு முழுவதற்கும் சந்தா எதற்கு?

ஆழத்தொகுப்பு:

நிதிக்கட்டு சார் சொல்லும் பிட்ஸ்பர்க் ஆய்வை நானும் மதிக்கிறேன். மாணவர்களைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த எண்ணை ஆய்வுத் தொகுப்புக்கு அப்படியே கொண்டுவர முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நூலகத்துக்குள் எல்லாத் தொகுப்புகளும் ஒரே வேலைக்காக இருப்பவை அல்ல. ஆய்வு நூலகங்கள் கூடி உருவாக்கிய கான்ஸ்பெக்டஸ் முறையில் தொகுப்பின் ஆழத்துக்குப் பூஜ்யம் முதல் 5 வரை படிநிலை உண்டு. பூஜ்யம் என்றால் அந்தத் துறையில் வாங்குவதே இல்லை. 1 என்றால் ஏதோ சில நூல்கள். 2 அடிப்படைத் தகவல், 3 பாடம் நடத்தவும் படிக்கவும் போதுமானது, 4 ஆய்வுக்குரியது, 5 கிடைப்பது அனைத்தையும் சேர்ப்பது. மூன்றாம் படியில் இருக்கும் துறைக்கு நிதிக்கட்டு சார் சொல்லும் கணக்கு நன்றாகவே பொருந்தும். அங்கே பாடநூலுக்கு இன்னும் நாலு பிரதி வாங்குங்கள், படிக்காத இதழை நிறுத்துங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். நாலாம் படியில் வைத்திருக்கும் துறைக்கு அதே அளவுகோலைப் பிடித்தால் அது நாலாம் படியில் நிற்காது. சில வருஷத்தில் மூன்றுக்கு இறங்கிவிடும், இறங்கியதே யாருக்கும் தெரியாது.

ஆகவே அடுக்குவரிசை முதலில் கேட்க வேண்டியது 'இந்த இதழை எத்தனை பேர் படித்தார்கள்' என்பதை அல்ல. 'இந்தத் துறையில் நாம் எந்தப் படியில் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்' என்று கேட்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் வகைப்பாட்டியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாணவர்களைச் சேர்க்கிறதா? சேர்க்கிறது என்றால் நாலாம் படிக்கு அது வாக்குக் கொடுத்திருக்கிறது. வாக்கைத் திரும்பப் பெற வேண்டுமானால் அதைப் பெறும் இடம் கல்விக்குழு. நூலகத்தின் விரிதாளில் ஒரு வரியை அழித்து அந்த முடிவை எடுக்கக் கூடாது.

இரவல் பற்றிக் கேட்டிருந்தார். அது நல்ல ஏற்பாடுதான், நான் தினமும் நம்பியிருக்கும் ஏற்பாடு. ஆனால் எங்கோ ஒரு நூலகம் அந்த இதழை வாங்கி வைத்திருந்தால்தான் இரவல் நடக்கும். ஒவ்வொரு நூலகமும் 'இன்னொருவர் வைத்திருப்பார்' என்று ஒரே ஆண்டில் நிறுத்தினால் இரவல் கொடுப்பதற்கு ஆள் இருக்காது. நிறுத்தும் முன், பல நூலகங்களின் இருப்பைக் காட்டும் கூட்டுப் பட்டியலில் தேடி, சுற்றுவட்டத்தில் யார் தொடர்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் அந்த நூலகரிடம் பேசி, 'நான் இதைத் தொடர்கிறேன், நீங்கள் அதைத் தொடருங்கள்' என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. ஆள் மாறினால் பேச்சும் போய்விடும்.

பிரிட்டிஷ் நூலகர் பிராட்ஃபோர்டு 1934-ல் சொன்னதையும் இங்கே நினைவில் வைக்கலாம். ஒரு பொருளில் வரும் கட்டுரைகளில் மூன்றில் ஒரு பங்கு ஒருசில மைய இதழ்களிலேயே கிடைத்துவிடும். அடுத்த ஒரு பங்குக்குப் பல மடங்கு இதழ்கள் வேண்டும், கடைசிப் பங்குக்கு இன்னும் பல மடங்கு. எல்லாவற்றையும் யாராலும் வாங்க முடியாது. ஆனால் எது மையம் என்பது துறைக்குத் துறை மாறும். மொத்த நூலகத்தின் பயன்பாட்டுப் பட்டியலில் கடைசியில் கிடக்கும் கல்வெட்டியல் இதழ், கல்வெட்டியலின் பட்டியலில் முதல் இடத்தில் இருக்கலாம். துறைவாரியாகப் பிரித்து வரிசைப்படுத்திப் பாருங்கள், உங்கள் பட்டியலின் முகமே மாறிவிடும்.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் தந்த ஐந்து விதிகளில் முதல் விதி நூல்கள் பயன்பாட்டுக்கே என்கிறது. அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்ற மூன்றாம் விதியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அந்த வாசகரைத் தேடிச் சேர்ப்பது நம் வேலை. ஆறு வருஷம் வாசகர் வரவில்லை என்றால் நூலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

வகைப்பாட்டு மாணவி:

நான் நூலகர் அல்ல. இந்த இழையைத் தோழி அனுப்பினாள். என் துறையின் பெயர் வந்ததால் எழுதுகிறேன்.

பழைய கட்டுரை காலாவதியாகும் என்பது எங்கள் துறையில் கிடையாது. ஓர் உயிரினத்துக்கு முதன்முதலில் முறைப்படி வைத்த பெயரே செல்லும் என்பது விதி. அந்த முன்னுரிமை தாவரங்களுக்கு 1753-ல் தொடங்குகிறது, விலங்குகளுக்கு 1758-ல். இரண்டுமே லின்னேயஸின் நூல்கள். ஒரு பூச்சியைப் புதிய இனம் என்று நான் சொல்ல வேண்டுமானால், அதற்கு நெருங்கிய இனங்களின் முதல் விவரிப்பு முழுவதையும் படித்தாக வேண்டும். அதில் பாதி சிறிய இதழ்களில் வந்தவை. வருஷத்துக்கு நாலைந்து முறைதான் திறப்பேன். ஆனால் அந்த ஒரு பக்கமும் அதன் ஓவியத் தகடும் இல்லாவிட்டால் என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமே நிற்காது. இரவலில் வரும் நகலில் ஓவியத் தகடு பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கும், முடியும் நரம்பும் தெரியாது.

அடுக்குவரிசை:

எல்லோருக்கும் நன்றி. சந்தாப்பிரிவு சொன்னபடி பூஜ்யம் காட்டிய இதழ்களைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன், சிலவற்றின் இணைப்பு உண்மையிலேயே பழைய தளத்தில் இருக்கிறது. துறைவாரிப் பட்டியலும் போடுகிறேன்.

இன்னொரு சிக்கல். இந்த இதழ்களில் சில, பெரிய பதிப்பகத்தின் மொத்தப் பேக்கேஜுக்குள் இருக்கின்றன. ஒன்றிரண்டை எடுத்தால் தள்ளுபடி போய்விடும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. வேண்டாததையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமைதான் தனியாக நிற்கும் சிறு இதழ்களின் தலையில் விழுகிறது.

உரிமம்படிப்பவர்:

நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் நோயின் வேர். பேக்கேஜின் விலை ஆண்டுதோறும் ஏறும், அதைத் தொட முடியாது. தொடக்கூடியவை தனிச் சந்தாவில் இருக்கும், அறிஞர் கழகங்கள் நடத்தும் சிறு இதழ்களும் புத்தகங்களும் மட்டும்தான். எனவே வெட்டு எப்போதும் அங்கேயே விழுகிறது. எது எளிதாக வெட்டுப்படுகிறதோ அது தேவையற்றது என்ற எண்ணமும் மெல்ல வந்துவிடுகிறது.

பேக்கேஜையும் தொடலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019-ல் எல்செவியர் பதிப்பகத்துடன் பேச்சை முறித்துக்கொண்டது, 2021-ல்தான் புதிய ஒப்பந்தம் போட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே ஆய்வு நின்றுபோகவில்லை. ஆசிரியர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்தார்கள் என்பதையும் கவனியுங்கள். தனி ஒரு நூலகம் இதைச் செய்வது கடினம், கூட்டமைப்பாகப் பேசினால்தான் எடுபடும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் நான் தேடிப் படிப்பவற்றைச் சொல்கிறேன். சந்தாவை நிறுத்திய பிறகும், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் நமக்குத் திறக்குமா? திறக்கும் என்றால் எங்கிருந்து? பதிப்பகத்தின் தளத்திலிருந்தே என்றால் அதற்குத் தனிப் பராமரிப்புக் கட்டணம் உண்டா? பதிப்பகமே மூடப்பட்டால் லாக்ஸ், போர்ட்டிகோ போன்ற பாதுகாப்பு ஏற்பாட்டில் அந்த இதழ் இருக்கிறதா? அச்சு இதழுக்குச் சந்தா நின்றாலும் கட்டிய தொகுதி அடுக்கில் இருக்கும். மின்னிதழில் இந்த ஒரு வரி இல்லையென்றால் பத்து வருஷம் கட்டிய பணத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு அடுத்தபடியாக ஆண்டு விலையேற்றத்துக்கு உச்சவரம்பு, இரவலுக்கு நகல் அனுப்ப அனுமதி, நடுவில் இதழ் வேறு பதிப்பகத்துக்குப் போனால் தொகையில் கழிவு ஆகியவற்றையும் பாருங்கள். விலையை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பக்கத்து நூலகம் என்ன கட்டுகிறது என்று தெரியாமல் யாரும் பேரம் பேச முடியாது.

மின்னூலுக்கும் இதே கண்தான். ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம், உரிமம் என்றைக்கும் உரியதா, இத்தனை இரவலோடு முடிந்துவிடுமா என்று பார்க்க வேண்டும். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-ல் நூலகங்களுக்கான மின்னூலை 26 இரவலோடு முடியும்படி செய்தது.

இன்னொன்று, முன்பணம். ஏஜெண்ட் மூலம் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் அவர் நிதிநிலை என்ன என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது விசாரியுங்கள். ரோகாம் 2003-லும் ஸ்வெட்ஸ் 2014-லும் திவாலாயின. இரண்டும் பெரிய சந்தா முகவர் நிறுவனங்கள். நூலகங்கள் கட்டிய பணம் பதிப்பகங்களைப் போய்ச் சேரவில்லை. மொத்தத் தொகையையும் ஒரே ஏஜெண்டிடம் கொடுக்க வேண்டாம்.

நிதிக்கட்டு:

உரிமம்படிப்பவர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆழத்தொகுப்பு சொன்ன படிநிலையையும் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எல்லாத் துறையும் 'எங்களுக்கு நாலாம் படி' என்றுதான் கேட்கும். யாருக்கு 3, யாருக்கு 4 என்று முன்கூட்டியே எழுதிவைத்து, நூலகக் குழுவில் ஒப்புதல் வாங்கவில்லை என்றால் குரல் உயர்ந்தவருக்கு இதழ் கிடைக்கும், அமைதியானவருக்குக் கிடைக்காது. எண்ணிக்கையை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணமே அதுதான். எண் யாருக்கும் வேண்டியவர் இல்லை.

ஆழத்தொகுப்பு:

முழுக்க ஏற்கிறேன். எழுதி ஒப்புதல் வாங்கிய தொகுப்புக் கொள்கை இல்லாத இடத்தில் எண்ணிக்கைதான் நேர்மையான அளவுகோல். கொள்கை இருக்கும் இடத்தில் அதற்குக் கீழே எண்ணிக்கை வரட்டும்.

அடுக்குவரிசை:

கொள்கை ஆவணம் எங்களிடம் இருக்கிறது. மிகப் பழையது, மின்னிதழ் என்ற சொல்லே அதில் இல்லை. திருத்தி எழுதக் குழுவைக் கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையே ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் சொந்த நூலகத்தை முழுவதும் தர விரும்புகிறார். கல்வெட்டியல், வரலாறு, கூடவே கட்டுக்கட்டாகக் களக்குறிப்புகள். எல்லாவற்றையும் அவர் பெயரில் தனி அலமாரியில் வைக்க வேண்டும் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

ஆவணக்காப்பு:

களக்குறிப்புக்காகவே வாங்குங்கள். நூல்களுக்கு இன்னொரு பிரதி எங்காவது இருக்கும், குறிப்புக்கு இருக்காது.

ஆனால் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்கு சொல்லும். பூஞ்சணம் பிடித்திருந்தால் அந்த ஈர வாடை மறைக்க முடியாதது. அந்தப் பெட்டிகளைத் தனியாகக் கட்டி வையுங்கள். சுத்தம் செய்யாமல் அடுக்குக்குக் கொண்டுபோனால் மற்ற நூல்களுக்கும் பரவிவிடும். அப்புறம் தாளின் ஓரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழும் படிகாரமும் சேர்த்துச் செய்த தாளில் அமிலம் உண்டு. அது பழுப்பேறி, ஓரத்தில் லேசாக மடித்தாலே உதிரும். அப்படி உதிரும் நூலைச் சேர்ப்பதா, வருடி மின்வடிவில் வைப்பதா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அட்டை முதுகுக்குள் வெள்ளிப்பூச்சி அரித்த தடம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

களக்குறிப்புகளை அவர் எந்த வரிசையில் வைத்திருக்கிறாரோ அதே வரிசையில் எடுங்கள். தேதிவாரியாக அடுக்கிவிடலாம் என்று யாராவது உதவிக்கு வருவார்கள், விடாதீர்கள். எந்தக் கல்வெட்டு நகலுக்கு எந்தக் கடிதம் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. எடுக்கும் முன் அலமாரியைத் தட்டுத் தட்டாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

தனி அலமாரி நிபந்தனையை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கல்வெட்டியல் நூல் வேண்டுபவர் இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்கும், ஒரே நூலின் நாலாம் பிரதியையும் கழிக்க முடியாமல் போகும். ஒவ்வொரு நூலிலும் அவர் பெயரிட்ட கொடைச் சீட்டு ஒட்டுவதாகவும், பட்டியலில் கொடையாளர் பெயரைப் பதிவதாகவும் சொல்லுங்கள். அந்தப் பெயரைத் தேடினால் மொத்தத் தொகுப்பும் திரையில் ஒன்றாக வந்துவிடும். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டதும் மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள்.

கொடைப் பத்திரம் கட்டாயம். உடைமை நூலகத்துக்கு மாறுகிறது, வேண்டாத பிரதியை நூலகம் வேறு இடத்துக்குத் தரலாம், குறிப்புகளின் பதிப்புரிமை யாரிடம் இருக்கும், எதை எத்தனை ஆண்டுக்கு மூடி வைக்க வேண்டும் ஆகிய எல்லாம் அதில் வர வேண்டும். கையெழுத்தாகும் முன் ஒரு பெட்டியைக்கூட ஏற்றாதீர்கள்.

சந்தாப்பிரிவு:

கொடையாக வரும் பழைய இதழ்களை மட்டும் உங்கள் இருப்போடு ஒத்துப்பாருங்கள். விட்டுப்போன இதழ் ஒன்றிரண்டு அதில் இருக்கும். நிரப்பினால் அந்தத் தொகுதியை பைண்டிங்குக்கு அனுப்பிவிடலாம்.

அடுக்குவரிசை:

ஆவணக்காப்பு மேடம், மிகவும் நன்றி. வரும் வாரம் அவர் வீட்டுக்குப் போகிறேன், கேமராவோடு.

சந்தா விஷயத்தில் கடைசியாக ஒன்று. நிறுத்தவேண்டி வரும் இதழ்களைப் பற்றித் துறைகளுக்கு எப்படிக் கடிதம் எழுதுகிறீர்கள்? 'இவை நிறுத்தப்படும்' என்று பட்டியல் அனுப்பினால் சண்டை வரும். 'உங்களுக்கு எது வேண்டும்' என்று கேட்டால் எல்லாம் வேண்டும் என்பார்கள்.

ஆழத்தொகுப்பு:

இரண்டு கடிதமும் வேண்டாம். அந்தத் துறையின் இதழ்களை மட்டும் ஒரே பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே விலை, மூன்று ஆண்டுத் தனித்த கோரிக்கை, இணைப்பைச் சரிபார்த்த தேதி, நிறுத்தினால் பழைய ஆண்டுகள் திறக்குமா, பக்கத்தில் எந்த நூலகம் தொடர்கிறது, கட்டுரை இரவலில் வர எத்தனை நாளாகும் ஆகியவற்றை எழுதுங்கள். மேலே துறைக்குரிய மொத்தத் தொகை. 'இந்தத் தொகைக்குள் உங்கள் வரிசை என்ன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள்' என்று கேளுங்கள். துறைத்தலைவர் ஒருவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஆய்வு மாணவர்களுக்கும் அதே தாள் போகட்டும். நம் வகைப்பாட்டு மாணவி போன்றவர்கள் துறைக் கூட்டத்தில் உட்காருவதில்லை.

வரும் பதில்களைச் சந்தாக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது உங்கள் இடத்தில் வேறொருவர் இருந்தாலும், அந்த இதழ் ஏன் தொடர்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அடுக்குவரிசை:

'இரவலில் வர எத்தனை நாள்' என்ற கட்டத்தை நான் யோசிக்கவே இல்லை. இரவல் பிரிவிடம் சென்ற ஆண்டுப் பதிவைக் கேட்டிருக்கிறேன். நாளை வந்ததும் முதல் தாளை வகைப்பாட்டியலுக்குத்தான் போடப் போகிறேன்.